ரோஸி பார்ப் மீன் வளர்ப்பு: கேள்வி பதில்

கேள்வி: 40 லிட்டர் தொட்டியில் இரண்டு ரோஸி பார்ப் விட்டிருக்கிறேன் சார். ஒன்று மற்றதைத் துரத்திக்கொண்டே இருக்கிறது. பிரித்துவிடலாமா?

பதில்: பிரிக்காதீர்கள், எண்ணிக்கையைக் கூட்டுங்கள். கூட்டமாக வாழும் மீன் இது. குறைந்தது ஆறு மீன் வேண்டும், ஒரு ஆணுக்கு இரண்டு பெண் என்ற கணக்கில். அப்போது துரத்தல் பரவிப்போகும், ஒரே மீன் அடிபடாது. அதற்கு 40 லிட்டர் பத்தாது. ஓயாமல் நீந்தும் மீனுக்கு உயரத்தைவிட நீளம் முக்கியம்: 90 செ.மீ. நீளம், 100 லிட்டருக்குக் குறையாமல். துள்ளும், மூடி போடுங்கள்.

கேள்வி: தொட்டி வைத்துப் பத்து நாள்தான் ஆகிறது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன, நிறமும் வெளுத்துவிட்டது. தண்ணீர் 28 டிகிரி.

பதில்: முதலில் தண்ணீரில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் சோதியுங்கள். மீன் கழிவால் சேரும் நஞ்சு இவை. இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். அவற்றைச் சிதைக்கும் பாக்டீரியா ஃபில்டரில் வளர 4 முதல் 6 வாரம் ஆகும். 'எதையும் தாங்கும் மீன்' என்று சொல்லிப் புதுத் தொட்டியில் இதைத்தான் முதலில் விடுகிறார்கள். தாங்கும்தான், ஆனால் செவுள் வெந்துபோகும். இன்றே மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள், குளோரினை நீக்கும் மருந்து சேர்த்து. அளவு இறங்கும்வரை தினமும் இதையே செய்யுங்கள், தீனியைப் பாதியாக்குங்கள். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாய் நீரில் கழுவாதீர்கள், பாக்டீரியா செத்துவிடும். வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரில் பிழிந்தால் போதும்.

28 டிகிரியும் அதிகம். இதற்கு 18 முதல் 24 போதும். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு. ஹீட்டரை நாளுக்கு ஒரு டிகிரியாக இறக்குங்கள்.

கேள்வி: கப்பி மீனோடு சேர்த்து வைக்கலாமா அண்ணா?

பதில்: வேண்டாம். நீண்ட வாலைக் கடித்துக் கிழித்துவிடும்.

கேள்வி: செடியெல்லாம் தின்றுவிடுகிறது.

பதில்: இளந்தளிரை விடாது. ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் ஆகிய நீர்ச்செடிகள் இரண்டின் தடித்த இலையைப் பெரும்பாலும் தொடாது. கிழங்கை மணலில் புதைத்தால் அழுகும், கட்டையில் கட்டிவிடுங்கள். தோலுரித்த வேகவைத்த பட்டாணி கொடுத்தால் செடிமேல் பாய்வது குறையும். நூல்பாசியையும் இதே மீன் மேய்ந்துவிடும் என்பது லாபம்.

கேள்வி: முட்டை போட்டால் குஞ்சைக் காப்பாற்றுவது எப்படி?

பதில்: முட்டையிடும் பருவத்தில் ஆண் செம்பு கலந்த சிவப்பாக மினுங்கும், பெண் பொன்பச்சை நிறத்தில் வயிறு உப்பி நிற்கும். அப்போது தனித் தொட்டியில் 15 செ.மீ. தண்ணீர் நிரப்பி, அடியில் கோலிக்குண்டு இரண்டு அடுக்குப் பரப்புங்கள். மாலையில் இரண்டையும் விட்டால் பெரும்பாலும் காலையில் முட்டையிடும். முட்டைகள் குண்டுகளின் இடுக்கில் இறங்கிவிடும். உடனே பெரிய மீன்களை எடுத்துவிடுங்கள், தம் முட்டையையே தின்னும். ஒன்றரை நாளுக்குள் பொரியும். குஞ்சுகள் கண்ணாடியில் ஒட்டிக் கிடக்கும்போது தீனி போடாதீர்கள். நீந்தத் தொடங்கியதும் இன்ஃபுசோரியா (கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்த் தீனி), ஒரு வாரம் கழித்து அப்போதுதான் முட்டையிலிருந்து வெளிவந்த ஆர்ட்டீமியா (பொடி இறால் வகை). ஃபில்டர் ஸ்பாஞ்ச் வகையாகவே இருக்கட்டும், மற்றது குஞ்சை உறிஞ்சிவிடும்.