அக்னி நட்சத்திரத்தில் குடும்பத்தோடு காரில்: கேள்வி பதில்

கோடை விடுமுறையில் பக்கத்து ஊர்களுக்குக் காரில் போய்வருவது பற்றி வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

சென்னை: சார், 8 வயசுலயும் 5 வயசுலயும் ரெண்டு பசங்க. மே முதல் வாரம் மாமல்லபுரம் போகலாம்னு இருக்கோம். வெயிலை நினைச்சா பயமா இருக்கு. போகலாமா?

போகலாம், 9 மணிக்குக் கிளம்பாமல் இருந்தால். மே மாதத்தில் எந்த ஊர் என்பதைவிட எத்தனை மணிக்கு என்பதுதான் பெரிய கேள்வி. வெளியில் நடக்கிற வேலையெல்லாம் 10.30-க்குள் முடிய வேண்டும். 11 முதல் 3.30 வரை நிழல். பிறகு வேண்டுமானால் மீண்டும் வெளியே வரலாம். இந்தக் கணக்குக்குள் அடங்கும் ஊரெல்லாம் கோடைக்கு ஏற்ற ஊர்தான்.

கடற்கரைக் கோயில் காலை 6 மணிக்கே திறந்துவிடுகிறது. 5 மணிக்கு முன் வீட்டை விட்டுக் கிளம்பினால் கிழக்குக் கடற்கரைச் சாலை (ஈசிஆர்) காலியாக இருக்கும். முதலில் கடற்கரைக் கோயில், அடுத்து ஐந்து ரதங்கள். இரண்டிலும் ஒதுங்க நிழல் கிடையாது, அதனால் இவை முதலில். இரண்டுக்கும் ஒரே டிக்கெட், தொலைத்துவிடாதீர்கள். 15 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. 8.30-க்கு டிபன். அப்புறம் அர்ச்சுனன் தபசு. அது கிழக்கு பார்த்த பாறை, காலை வெயில் நேராக விழுவதால் படம் நன்றாக வரும். அதை ஒட்டிய குன்றில் குடைவரை மண்டபங்கள் இருக்கின்றன, உள்ளே குளுமை. வராக மண்டபத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் வழியில் முதலைப் பண்ணை (திங்கள் விடுமுறை) அல்லது முட்டுக்காடு தட்சிணசித்ரா (செவ்வாய் விடுமுறை), இரண்டில் ஒன்று போதும். இரண்டிலும் மரங்கள் உண்டு. இரண்டையும் ஒரே நாளில் திணித்தால் 5 வயதுப் பிள்ளை உங்கள் தோளில்தான் இருக்கும். மாமல்லபுரம் கடலில் கால் நனைப்பதோடு நிறுத்துங்கள். கரை சட்டென்று சரிகிறது, உள்ளிழுப்பும் அதிகம்.

திருச்சி: கல்லணை பார்த்துட்டு அப்படியே தஞ்சாவூர். சரியான திட்டமா?

மே மாதத்தில் கல்லணையில் மணல்தான் பார்ப்பீர்கள். மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அதற்குப் பிறகு தண்ணீர் வந்து சேரச் சில நாள் ஆகும். பிள்ளைகள் தண்ணீரை எதிர்பார்த்து வருவார்கள் என்றால் இதை ஜூன் கடைசிக்குத் தள்ளிவையுங்கள்.

தஞ்சாவூருக்கு நேராகப் போய் 7 மணிக்குள் பெரிய கோயிலுக்குள் இருங்கள். பகல் 12.30-லிருந்து 4 வரை நடை சாத்தியிருக்கும். அதைவிடப் பெரிய தொல்லை தரை. 10 மணிக்குமேல் அந்தக் கருங்கல் பரப்பில் வெறுங்காலோடு நிற்க முடியாது. எல்லோருக்கும் ஒரு ஜோடி பழைய பருத்தி சாக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். நைலான் சாக்ஸ் கல்லில் வழுக்கும். உச்சிவேளையை அரண்மனையில் கழிக்கலாம். கலைக்கூடத்துச் செப்புச் சிலைகளையும் சரசுவதி மகால் அருங்காட்சியகத்தையும் நிதானமாகப் பார்த்தால் வெயில் இறங்கிவிடும்.

சேலம்: ஏழு வருஷப் பழைய பெட்ரோல் கார். ஆள் அஞ்சு பேர், ஏசி போட்டு ஏற்காடு ஏறினா டெம்பரேச்சர் முள் மேலே போகுது. மெக்கானிக் ஒண்ணும் இல்லைங்கிறார். என்ன பண்ணலாம்ணா?

சமவெளியில் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். கொண்டை ஊசி வளைவில் 20 கிலோமீட்டர் வேகத்தில் அந்தக் காற்று இல்லை, முழு வேலையும் விசிறிக்குத்தான். அதனால் முதலில் விசிறியைப் பாருங்கள். வண்டியை நிறுத்தி ஏசி போட்டு 10 நிமிடம் ஓட விடுங்கள். விசிறி சுற்றுகிற சத்தம் வந்து வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று அந்த வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். விசிறி சரி என்றால் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே மண்ணும் பூச்சியும் அடைத்திருக்கும். மெல்லிய தண்ணீர்ப் பீச்சில் இன்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாகக் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸ் கடையின் முழு அழுத்தத்தை நேராக அடித்தால் அலுமினியத் தகடுகள் மடங்கிவிடும்.

கூலன்ட் அளவை இன்ஜின் ஆறியபோது பாருங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். வெறும் தண்ணீரையே ஊற்றி ஊற்றி ஓட்டிய வண்டியில் உள்ளே துரு கட்டியிருக்கும். அதைக் கழுவி, வண்டிப் புத்தகம் சொல்லும் கூலன்டை நிரப்பினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

ஏறும்போது மூன்றாவது கியரில் முக்க விடாதீர்கள். இரண்டாவது கியர், 2,500 முதல் 3,000 சுற்று. இன்ஜின் சத்தம் கூடுகிறதே என்று பயப்பட வேண்டாம், அந்தச் சுற்றில்தான் கூலன்டும் வேகமாக ஓடும். முள் பாதியைத் தாண்டினால் ஏசியை நிறுத்துங்கள். அப்படியும் ஏறினால் ஹீட்டரை முழுதாகத் திருப்பி ஜன்னல்களை இறக்குங்கள். கொடுமையாகத்தான் இருக்கும், ஆனால் இன்ஜினின் சூட்டை வெளியேற்ற அது இன்னொரு வழி. அகலமான இடம் பார்த்து ஓரங்கட்டி, ஆவியோ ஒழுக்கோ இல்லாவிட்டால் சில நிமிடம் ஓட விட்டு அணையுங்கள். ஆவி வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். ரேடியேட்டர் மூடியை அரை மணி நேரத்துக்குத் தொடவே கூடாது. கொதிக்கிற தண்ணீர் பீய்ச்சி முகத்தில் அடிக்கும்.

அதே வண்டி, இறங்கும்போது பிரேக்கில் கருகின வாசனை வருது.

காலை பிரேக்கிலேயே வைத்து இறங்குகிறீர்கள். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். வளைவுக்கு முன்னால் அழுத்தமாக ஒரு தடவை, பிறகு முழுதாக விடுங்கள். நியூட்ரலில் இறக்கி எண்ணெய் மிச்சம் பிடிப்பது மலைப்பாதையில் உயிரோடு விளையாட்டு. ஏஎம்டி, ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் மேனுவல் அல்லது எல் நிலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

வாசனை வந்துவிட்டால் நிறுத்தி அரை மணி ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் கோணிக்கொள்ளும். நிறுத்தும்போது கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும்; ஈரமேறிய ஆயில் சீக்கிரம் கொதித்து, பெடல் பொசுக்கென்று உள்ளே போய்விடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியிருக்கிறார்களா என்று சர்வீஸ் பில்லைப் பாருங்கள்.

மதுரை: கொடைக்கானல் ஒரே நாள்ல போயிட்டு வந்துடலாமா?

மே மாதம் வேண்டாம். போக 120 கிலோமீட்டர், வர அவ்வளவே. ஏரியைச் சுற்றி நெரிசலில் நிற்கும் நேரம் தனி. 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயம். 2025 கோடையில் நீதிமன்றம் எண்ணிக்கைக்கும் வரம்பு கட்டியது: கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000, நீலகிரிக்கு 6,000, 8,000. பாஸ் எடுக்காமல் அடிவாரம் வரை போய்த் திரும்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தேதி முடிவானதும் பாஸ் எடுத்துவிட்டு மற்ற ஏற்பாடுகளைப் பாருங்கள். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் வேண்டாம். எவர்சில்வர் பாட்டிலோ பெரிய கேனோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள்தான் என்றால் திண்டுக்கல் பக்கத்தில் சிறுமலை. 18 கொண்டை ஊசி வளைவு, மரநிழல், கூட்டம் குறைவு. ஓட்டல் என்று பெரிதாக எதுவும் கிடையாது, கட்டுச்சோறு கட்டாயம். இறங்கும்போது சிறுமலை வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்குங்கள். புவிசார் குறியீடு பெற்ற பழம். தோல் சுருங்கிக் கறுத்த பிறகுதான் அதற்கு ருசி, அழுகல் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

ஈரோடு: கட்டுச்சோறுன்னு சொன்னீங்க. போன தடவை தயிர் சாதம் 11 மணிக்கே புளிச்சுப் போச்சு. எப்படிக் கட்டணும் அக்கா?

தயிர் போட்டுப் பிசைந்தால் இந்த வெயிலில் அப்படித்தான் ஆகும். பாலைப் போட்டு வழியிலேயே தயிராக விட வேண்டும். 1 டம்ளர் பச்சரிசிக்கு 4 டம்ளர் தண்ணீர் வைத்துக் குழைய வடித்து, சூட்டிலேயே மசியுங்கள். கை பொறுக்கும் சூடு வந்ததும் காய்ச்சி ஆறிய பால் 2 டம்ளர், தயிர் 1 டேபிள்ஸ்பூன், உப்பு. கடுகு, இஞ்சி, பச்சை மிளகாய், பெருங்காயம் தாளித்துக் கொட்டுங்கள். பார்க்கத் தளதளவென்று இருக்கும், மதியத்துக்குள் இறுகிவிடும். இது 3 பேருக்கு வரும். வெள்ளரி, திராட்சை, வெங்காயமெல்லாம் சாப்பிடும்போது சேர்த்துக்கொள்ளலாம்; முன்பே கலந்தால் தண்ணீர் விட்டுக் கெடும்.

எந்தச் சாதமானாலும் கெடுவதற்கு முதல் காரணம் சூட்டோடு மூடுவது. ஆவி வியர்த்து மேலே சொட்டி, அங்கிருந்துதான் நூல் விட ஆரம்பிக்கும். தாம்பாளத்தில் பரப்பி நன்றாக ஆறவிட்டுக் கட்டுங்கள். புளிசாதம் கவலையில்லாமல் இரவுவரை வரும், நல்லெண்ணெய் தாராளமாக இருக்கட்டும். இட்லிக்கு மிளகாய்ப்பொடி தடவிக் கட்டுங்கள், தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம். முட்டை, பிரியாணி எல்லாம் கட்டினால் 4 மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். டிக்கியில் வைக்காதீர்கள், ஏசி காற்று படுகிற இடத்தில், காலடியில் வையுங்கள்.

தண்ணீர் ஆளுக்கு 3 லிட்டர். மருந்துக்கடை ஓஆர்எஸ் பொட்டலம் இரண்டு பையில் இருக்கட்டும். தீர்ந்துபோனால் 1 லிட்டர் தண்ணீருக்கு 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, எல்லாம் தலைதட்டிய அளவு. உப்பு கூடக்கூடாது.

கோவை: பொண்ணுக்கு 6 வயசு. வால்பாறை வளைவுல வாந்தி நிக்கவே மாட்டேங்குது.

ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு, பெரியவர்களுக்கே புரட்டும். வெறும் வயிறும் ஆகாது, எண்ணெய்ப் பூரியும் ஆகாது. இரண்டு இட்லி, ஒரு மணி நேர இடைவெளி. பின் சீட்டின் நடுவில், முன்கண்ணாடி வழியாகத் தூரத்துச் சாலை தெரிகிற உயரத்தில், பெல்ட்டோடு உட்கார வையுங்கள். செல்போனும் படப்புத்தகமும் மூடியிருக்கட்டும். கார் வாசனைப் புட்டியைக் கழற்றிவிடுங்கள், சிலருக்கு அந்த வாசனையே புரட்டும். மாத்திரை என்றால் மலை ஏறும் முன் 1 மணி நேரத்துக்கு முன்னால், குழந்தையின் எடைக்கு ஏற்ற அளவை டாக்டரிடம் கேட்டு. சாதாரண வாந்திக்குத் தரும் ஆன்டன்செட்ரான் இந்த வகை வாந்திக்கு அவ்வளவாகக் கேட்காது. ப்ரோமெதசின் கேட்கும், ஆனால் 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. வண்டி ஓட்டுபவரும் அதைத் தொடக்கூடாது, தூக்கம் வரும்.

வால்பாறைக்கும் 2025 நவம்பர் முதல் இ-பாஸ் வந்துவிட்டது, மறக்க வேண்டாம்.

திருநெல்வேலி: மே 15-ல் குற்றாலம்?

பாறை பார்க்கலாம். தென்மேற்குப் பருவமழை இறங்கினால்தான் சீசன், ஜூன் முதல். மே மாதம் குளிக்க வேண்டுமென்றால் பாபநாசம் அகத்தியர் அருவி, அது வற்றுவதில்லை. சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எடுத்துப் போகாதீர்கள். காரில் வாழைப்பழம் தெரியும்படி வைத்துக் கண்ணாடியை இறக்கினால் குரங்கு உள்ளே வந்துவிடும்.

விழுப்புரம்: வெயில்ல டயர் வெடிக்கும்னு காத்தைக் கொஞ்சம் குறைச்சு வைக்கச் சொல்றாங்க.

நேர்மாறு. காற்று குறைந்த டயர்தான் பக்கவாட்டில் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கிறது. டிரைவர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவை, முழுச் சுமைக்கான வரிசையில் பார்த்து, காலையில் டயர் ஆறியிருக்கும்போது அடியுங்கள். ஓடிய பிறகு அளவு கூடிக் காட்டுவது இயல்பு, இறக்காதீர்கள். டயர் பக்கவாட்டில் கடைசி 4 எண்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2318 என்றால் 2018-ன் 23-வது வாரம். பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் அந்த டயரைக் கோடை நெடுஞ்சாலைக்கு நம்பாதீர்கள். ஸ்டெப்னியிலும் காற்று பாருங்கள்.

சென்னை: பாஸ்டேக் வருடாந்திர பாஸ் எடுத்திருக்கேன். ஈசிஆர்ல ஏன் பணம் பிடிச்சுது?

அந்த பாஸ் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளுக்கு மட்டும். ஈசிஆர் சாவடி மாநிலத்துடையது. சாதாரண இருப்பும் கொஞ்சம் வைத்திருங்கள்.

சேலம்: எலெக்ட்ரிக் கார்ல ஏற்காடு ஏற சார்ஜ் எவ்வளவு போகும்?

ஏற்றம் சுமார் 1,200 மீட்டர். ஆட்களோடு 1,800 கிலோ வண்டியை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் கிட்டத்தட்ட 6 யூனிட், இழப்பும் சேர்த்தால் 7. தூரத்துக்கான செலவு இதற்கு மேல். இறங்கும்போது அதில் பாதிக்குமேல் திரும்பக் கிடைக்கும், பேட்டரியில் இடம் இருந்தால். மேலே 100 சதவீதம் ஏற்றிவிட்டு இறங்கினால் ரீஜென் (வண்டியை மட்டுப்படுத்தியபடி மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பும் வசதி) வேலை செய்யாது, முழுப் பாரமும் பிரேக்குக்கு வரும். மேலே சார்ஜ் போடுவதாக இருந்தால் 85-லேயே நிறுத்துங்கள்.

தஞ்சாவூர்: அம்மாவுக்கு 68 வயசு, இன்சுலின் போடுறாங்க. கூட்டிட்டுப் போகலாமா?

தாராளமாக. இன்சுலினை மட்டும் டேஷ்போர்டிலோ நிறுத்திய காருக்குள்ளோ விட்டுவிடாதீர்கள். வாயகன்ற பிளாஸ்கில், ஐஸ் நேரடியாகப் படாமல் துணியில் சுற்றி வைத்து, கைப்பையோடு இறக்கிக்கொள்ளுங்கள். உறைந்தாலும் அது கெட்டதுதான். நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுகிறார்கள் என்றால், பயண நாளில் எப்போது போடுவது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். பாத்ரூம் போக வேண்டுமே என்று பலர் தண்ணீரே குடிக்காமல் வருவார்கள், மயக்கம் அங்கிருந்துதான் வரும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை நல்ல பெட்ரோல் பங்க்காகப் பார்த்து, அவர்கள் கேட்கும் முன்பே நிறுத்துங்கள்.