கைபேசிக்கு ஹெட்போன் ஆம்ப்ளிபயர் செய்ய எல்எம்386 போதுமா?

ஹட்டனில் எளிதாகக் கிடைக்கும் எல்எம்386 ஐசியைக் கொண்டு, பற்றரியில் இயங்கும் ஹெட்போன் ஆம்ப்ளிபயர் ஒன்றைச் செய்யலாமா என்றும், அதைத் தேயிலை டின்னுக்குள் அடக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். டின் நல்ல தெரிவு, ஐசி அப்படியல்ல. எல்எம்386 சிறிய ஸ்பீக்கரை இயக்குவதற்காக வந்தது, அதன் நயம், அதாவது சமிக்ஞையை எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பது, உள்ளேயே 20 என அமைக்கப்பட்டிருக்கிறது. ஸ்பீக்கரில் தெரியாத இரைச்சல், அடுத்த காம்பராவும் உறங்கிவிட்ட இரவு நேரத்தில், காதோடு ஒட்டிய ஹெட்போனில் தெளிவாகவே கேட்கும்.

சூ மோய் வடிவமைத்த சீமோய் என்னும் ஹெட்போன் ஆம்ப்ளிபயர் சுற்றையே நான் சொல்வேன். உயர்தரப் பௌதிகவியலில் படித்த செயற்பாட்டு விரியலாக்கிதான் (ஒப்-ஆம்ப்) இதன் இதயம்; ஒரே ஐசியில் இரண்டு இருப்பதால் இடம், வலம் இரண்டுக்கும் அது போதும். ஒவ்வொரு பக்கத்தின் உள்ளீட்டிலும் 0.1 மைக்ரோபரட் கொள்ளளவியும் 100 கிலோஓம் தடையியும் வரும். மூல வரைபடத்தில் 10 கிலோஓம், 1 கிலோஓம் தடையிகளால் நயம் 11 ஆகிறது. கைபேசிக்கு இது மிக அதிகம்: வொலியும் குமிழை அடிமட்டத்திலேயே வைத்துக் கேட்க நேரும், இரட்டைப் பொட்டென்சியோமீட்டர்களில் இரு பக்கமும் ஒத்துப்போகாத இடமும் அதுவே. 4.7, 2.2 கிலோஓம் தடையிகளைப் போட்டால் நயம் 3 அளவில் நிற்கும்.

ஐசியாக ஓபிஏ2134 வாங்குங்கள். என்ஈ5532 மலிவு, பெயரும் பெற்றது. ஆனால் அதன் உள்ளீட்டுக்குச் செல்லும் சுமார் 200 நானோஅம்பியர் மின்னோட்டம் அந்த 100 கிலோஓம் வழியாகப் பாயும்போது 20 மில்லிவோல்ற்று உண்டாகி, நயத்தால் பெருகி, நேரோட்டமாக ஹெட்போனுக்கு வந்து சேரும். ஓபிஏ2134 மிக மிகக் குறைந்த மின்னோட்டமே எடுக்கும் எப்ஈடி வகை டிரான்சிஸ்டர் உள்ளீடு கொண்டதால் அந்தத் தொல்லை இல்லை.

மற்ற எதையும் விடக் கவனிக்க வேண்டியது நடுப்புள்ளி. ஒரு 9 வோல்ற்று பற்றரியை இரண்டு 4.7 கிலோஓம் தடையிகளும் இரண்டு 220 மைக்ரோபரட் கொள்ளளவிகளும் நேர் 4.5, எதிர் 4.5 என்று பிரிக்கின்றன. 32 ஓம் ஹெட்போன் என்றால் கொள்ளளவிகளை 470 ஆக்குங்கள். தாழ்ந்த சுரங்கள் மெலியாமல் இருக்கும். ஹெட்போன் ஜாக்கின் வெளிவளையம் இந்த நடுப்புள்ளியில் இருப்பதால், ஜாக்கைத் திருகியவுடன் டின்னும் நடுப்புள்ளி ஆகிவிடும். அதே டின்னில் அடப்டருக்கான உலோகச் சொக்கற்றையும் பொருத்தி, அதன் வெளிப்புறத்தைப் பற்றரியின் எதிர்முனையோடு இணைத்தால், நடுப்புள்ளிக்கும் எதிர்முனைக்கும் இடையிலான கீழ்ப் பாதி முழுவதும் குறுஞ்சுற்றாகும். ஆகவே பற்றரியோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. மழைக் காலத்தில் நம் பக்கம் மின்சாரம் போவதும் வருவதுமாக இருப்பதால் அதில் இழப்பும் ஒன்றுமில்லை.

ஈயம் பற்றவைத்த பின் பலகையில் மிஞ்சும் பிசினை ஸ்பிரிட்டால் துடைத்து நன்றாக உலரவிடுங்கள், பனி மூட்ட நாட்களில் ஈரம் அதில்தான் தங்கும். ஹெட்போனைச் செருகுமுன் இரு வெளியீடுகளையும் நடுப்புள்ளியோடு ஒப்பிட்டு மல்ற்றிமீட்டரில் அளவிடுங்கள். சில மில்லிவோல்ற்றுக்கு மேல் காட்டினால் எங்கோ இணைப்புத் தவறியிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் வரை ஹெட்போனை அருகில் கொண்டுபோக வேண்டாம்.