வீட்டுக்கு 140 மீட்டரில் குப்பை மையம்: தடுக்க முடியுமா?

கேள்வி: பேரூராட்சி எல்லையில், டி.டி.சி.பி. அங்கீகாரம் பெற்ற மனையில், வங்கிக் கடனில் வீடு கட்டிக் குடியிருக்கிறோம். எங்கள் மதிலிலிருந்து சுமார் 140 மீட்டர் தள்ளியுள்ள புறம்போக்கில், நாளொன்றுக்கு 8 டன் குப்பையைக் கையாளும் வளம் மீட்புப் பூங்கா அமைக்கப் பேரூராட்சியில் தீர்மானம் நிறைவேற்றி இரண்டு மாதம் ஆகிறது. அந்த இடத்தை ஒட்டி ஏரி. குடிக்க எங்களுக்குக் கிணற்று நீர்தான். வேலை இன்னும் தொடங்கவில்லை. முன்சீப் கோர்ட்டில் தடை வாங்கலாமா? வீட்டு மதிப்பு குறைந்தால் நஷ்ட ஈடு கிடைக்குமா?

பதில்: முன்சீப் கோர்ட்டுக்குப் போகாதீர்கள். சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென உள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயம் விசாரிக்கக்கூடிய விவகாரங்களை உரிமையியல் நீதிமன்றம் எடுக்க முடியாது என்கிறது 2010-ஆம் ஆண்டு தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு. அங்கே வழக்கு நம்பராகி, வாய்தா மேல் வாய்தா போய், அதிகார வரம்பு இல்லை என்று திருப்பி விடுவதற்குள் தீர்ப்பாயத்தின் கெடு ஓடிவிடும். அதே சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி வழக்குமூலம், அதாவது வழக்குப் போடுவதற்கான காரணம், முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம். தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள், அதற்குமேல் கிடையாது. தீர்மானத் தேதியிலிருந்தே எண்ணிக்கொள்வதுதான் பாதுகாப்பு. உங்களுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது.

அடுத்து, எல்லோரும் பிடித்துக்கொள்ளும் 200 மீட்டர் கணக்கு. 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளில் குடியிருப்பு, குடிநீர்க் கிணறு, குளம், நெடுஞ்சாலை ஆகியவற்றிலிருந்து 200 மீட்டர், ஆற்றிலிருந்து 100 மீட்டர் என்று இருந்தது குப்பையைப் புதைக்கும் நிலநிரப்பு தளத்துக்குத்தான். உரம் தயாரிக்கும், பிளாஸ்டிக் பிரிக்கும் கொட்டகைக்கு அந்தத் தூரம் அப்படியே பொருந்தாது. இதை மட்டும் நம்பிப் போட்ட மனு, 'இங்கே எதையும் புதைக்கப் போவதில்லை' என்ற ஒற்றைப் பதிலில் விழுந்துவிடும். ஆகவே திட்ட அறிக்கையில் ஒன்றைத் தேடுங்கள்: தரம் பிரித்தபின் மிஞ்சும் கழிவு எங்கே போகிறது? அதே வளாகத்தில் குழி காட்டியிருந்தால் அது நிலநிரப்பு தளம்தான். அப்போது 200 மீட்டரும் வரும், 90 செ.மீ. களிமண் படுகையும் அதன்மேல் 1.5 மி.மீ. எச்.டி.பி.இ. (அடர் பிளாஸ்டிக்) விரிப்பும் வரும், நிலத்தடி நீர்மட்டம் அந்தக் களிமண்ணுக்கு 2 மீட்டராவது கீழே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வரும். ஏரிக்கரையில் அந்தக் கடைசி நிபந்தனையை நிறைவேற்றுவது மிகக் கடினம்.

8 டன் என்பது உங்களுக்குச் சாதகம். 2016 விதிகளில், 5 டன்னுக்கு மேல் போனால் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் வேண்டும், சுற்றிலும் காலியாக விடும் இடைவெளி மண்டலமும் வேண்டும் என்று இருந்தது. அவற்றுக்குப் பதிலாக 2026 ஏப்ரல் 1 முதல் புதிய விதிகள் நடப்பில் இருப்பதால், அனுமதி எந்தத் தேதியில், எந்த விதியின்கீழ் தரப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் தெரிய, இந்த வாரமே தகவல் உரிமைச் சட்டத்தில் இரண்டு மனு போடுங்கள், ஒவ்வொன்றிலும் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி. பேரூராட்சிப் பொதுத் தகவல் அலுவலரிடம் தீர்மான நகல், திட்ட அறிக்கை, இடத்தின் சர்வே எண். வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் விண்ணப்பம், தள ஆய்வு அறிக்கை, நிறுவுவதற்கான இசைவாணை (மையத்தை அமைக்க வாரியம் தரும் அனுமதி). 30 நாளில் பதில் வர வேண்டும். ஆய்வு அறிக்கையில் 'அருகிலுள்ள குடியிருப்பு' என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். உங்கள் வீடு அதில் இல்லாவிட்டால் வழக்கின் பாதி அங்கேயே இருக்கிறது. இசைவாணை ஏற்கெனவே கொடுத்திருந்தால், அதை எதிர்த்து மாசு கட்டுப்பாட்டு மேல்முறையீட்டு ஆணையத்தில் 30 நாளுக்குள் முறையிட வேண்டும். அது தனிக் கெடு.

தாலுகா அலுவலகத்தில் அந்தச் சர்வே எண்ணுக்கு, நிலத்தின் வகைப்பாட்டைச் சொல்லும் 'அ' பதிவேடும் புல வரைபடமும் வாங்குங்கள். ஏரி உள்வாய் (ஏரியின் நீர் தேங்கும் பகுதி), நீர்நிலைப் புறம்போக்கு என்று வகைப்பாடு இருந்தால் தூரக் கணக்கைவிட அதுவே வலுவான வாதம். தூரத்தை மொபைல் மேப்பில் மட்டும் காட்டாமல், உங்கள் மதிலிலிருந்து அந்த நிலத்தின் எல்லைக் கல் வரை நில அளவரை வைத்து அளந்து, புல வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நிலத்தின் நடுவிலிருந்து அளந்து தூரத்தைக் கூட்டிக் காட்டுவது அடிக்கடி நடக்கிறது.

மனு போட வேண்டியது தீர்ப்பாயத்தின் சென்னையிலுள்ள தென்மண்டல அமர்வில். நஷ்ட ஈடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். 'எங்கள் தெருவில் வேண்டாம்' என்று மட்டும் எழுதாதீர்கள். குப்பையை எங்காவது கையாளும் கடமை பேரூராட்சிக்கு இருக்கிறது. இடம் ஏன் தவறு என்று காட்டி இடைக்காலத் தடை கேளுங்கள். மாற்றுக் கோரிக்கையாகக் கூரை, கான்கிரீட் தளம், குப்பையிலிருந்து வடியும் கசிவுநீருக்குத் தொட்டி, ஈரக் குப்பையை இரவில் தேக்கக் கூடாது என்ற நிபந்தனை ஆகியவற்றையும் சேருங்கள். இத்தகைய வழக்குகளில் பெரும்பாலும் அதிகாரிகளின் கூட்டுக் குழுவை இடத்தைப் பார்க்க அனுப்புவார்கள். அன்று வரைபடத்தோடு அங்கே நில்லுங்கள்.

மனை விலை குறையும் என்பதற்காக மட்டும் நஷ்ட ஈடு கிடைக்காது. மாசால் உடல்நலமோ சொத்தோ உண்மையில் பாதிக்கப்பட்டால் 15-ஆம் பிரிவில் 5 ஆண்டுக்குள் கேட்கலாம். ஆனால் கிணறு முன்பு நன்றாக இருந்தது என்பதற்கு ஆதாரம் வேண்டும். ஆதலால் இப்போதே குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் நீரைச் சோதித்து வையுங்கள். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, புது கேனை அதே நீரில் மூன்று முறை அலசி, 2 லிட்டர் பிடித்து அன்றே கொடுங்கள். கரைந்த திடப்பொருள், குளோரைடு, அம்மோனியா, நைட்ரேட் நான்கும் அறிக்கையில் வர வேண்டும். நைட்ரேட்டுக்குக் குடிநீர்த் தர வரம்பு லிட்டருக்கு 45 மி.கி. இன்றைய அளவு அதற்குள் இருந்து, மையம் ஓடத் தொடங்கியபின் ஏறினால், அந்த இரண்டு தாள்களும் உங்கள் பக்கம் பேசும்.