டின் நம்பர் எடுத்தால் வரி கட்ட வேண்டுமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன். அரச ஓய்வூதியம் வருகிறது. வங்கியில் 25 இலட்சம் ரூபாய் நிலையான வைப்பில் இருக்கிறது. வீட்டின் ஒரு பகுதியை மாதம் 20,000 ரூபாய்க்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். வட்டியில் வங்கி வரி பிடிக்கிறது. டின் நம்பர் எடுத்தால் வருடாவருடம் வரி விபரத்திரட்டு (வருமானக் கணக்கைக் காட்டும் படிவம்) அனுப்ப வேண்டுமாம், வரியும் வருமாம் என்கிறார்கள். என்ன செய்ய?

பதில்: ரீச்சர், பயப்படாமல் டின் எடுங்கள். அது வரி செலுத்துநர் அடையாள இலக்கம் (TIN) என்கிற ஒரு பதிவு இலக்கம்தான். அதை எடுத்ததற்காக யாரும் வரி கேட்க மாட்டார்கள்.

உங்கள் கணக்கைப் பார்ப்போம். அரச ஓய்வூதியத்துக்கு வருமான வரி விலக்கு உண்டு, அதைச் சேர்க்கவே வேண்டாம். 25 இலட்சத்துக்கு 8 வீதம் வட்டி என்று வைத்தால் வருடத்துக்கு 2 இலட்சம். வாடகை 2 இலட்சத்து 40 ஆயிரம். மொத்தம் 4 இலட்சத்து 40 ஆயிரம். 2025 ஏப்ரல் முதல் வருடம் 18 இலட்சம் வரையான வருமானத்துக்கு வரி இல்லை. நீங்கள் அதற்குக் கிட்டவும் இல்லை. கட்ட வேண்டிய வரி இல்லாதவர் விபரத்திரட்டு அனுப்பத் தேவையில்லை. உள்நாட்டு இறைவரித் திணைக்களம் எழுத்தில் கேட்டால் மட்டும், வருமானம் குறைவுதானே என்று கடிதத்தை ஒதுக்கிவைக்காமல் விபரத்திரட்டை அனுப்பிவிடுங்கள்.

எனக்கு மனம் பொறுக்காதது அந்த வட்டிக் காசுதான். 2025 ஏப்ரலில் இருந்து வட்டியில் 10 வீதம் பிடிக்கிறார்கள். உங்கள் கணக்கில் அது வருடத்துக்கு 20,000 ரூபாய். மருந்துச் செலவுக்கு ஆகிற காசு! வருட வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதவர் வங்கியில் அப்படி என்று தானே எழுதிக் கையொப்பமிடும் சுயபிரகடனம் கொடுத்தால் அதைப் பிடிக்க மாட்டார்கள். அதற்கு டின் வேண்டும். டின் பயத்தாலேயே எத்தனையோ முதியவர்கள் இந்தப் பணத்தை விட்டுவிடுகிறார்கள்.

வங்கிக்குப் போகும்போது அடையாள அட்டையையும் வைப்புச் சான்றிதழையும் கொண்டுபோங்கள். இரண்டிலும் பெயரின் முதலெழுத்துகள் ஒன்றாக இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். படிவம் தமிழில் இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். வேறு வங்கியிலும் வைப்பு இருந்தால் அங்கும் தனியாகக் கொடுக்க வேண்டும். அடுத்த ஏப்ரலில் மறுபடி புதுப்பிக்க வேண்டும்.

சரி, ஏற்கெனவே பிடித்த காசு? அதை வங்கி திருப்பித் தராது. பிடித்த வரிக்கான சான்றிதழை வங்கியில் வாங்கி, திணைக்களத்திடம்தான் மீளக் கேட்க வேண்டும். இதற்கு மட்டும் நீங்களாகவே விபரத்திரட்டு அனுப்ப வேண்டிவரும். மார்ச் 31இல் முடிகிற வரி ஆண்டுக்கு அதே வருடம் நவம்பர் 30 வரை நேரம் உண்டு. சந்தேகம் வந்தால் திணைக்களத்தின் 1944 இலக்கத்துக்கு அழையுங்கள்.