மான் வேட்டைக்குப் போய் மானம் போன கதை ஏதாவது உண்டா?

கேள்வியைத் துப்பாக்கி பிடித்தவர்களிடம் கேட்டிருக்கிறீர்கள். அங்கேதான் சிக்கல். துப்பாக்கி பிடித்தவர் சொல்லும் கதையில் குறி தப்பவே தப்பாது. தப்பினாலும் பழி காற்று மேல் போகும், மூடுபனி மேல் போகும், கூட வந்தவன் தும்மல் மேல் போகும். நடந்தது என்னவென்று தெரிய வேண்டுமானால், பின்னாலேயே பேட்டரி லைட்டும் சோற்றுத்தூக்கும் சுமந்து போனவனைப் பிடித்துக் கேட்க வேண்டும். 1960-களின் கடைசியில், பழனி மலையின் கீழ்ப்பகுதியில், தாண்டிக்குடிப் பக்கம் எங்கள் சித்தப்பாவுக்கு அந்தச் சுமையாள் நான்தான். பள்ளிக்கூடப் பையன். துப்பாக்கியைத் தொடவே விடமாட்டார் என்பதால் என் சாட்சியத்தில் கலப்படம் குறைவு.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் கிளம்பிவிட வேண்டாம். 1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உரிமம் வாங்கிச் சுடலாம் என்று அதில் மிச்சமிருந்த சந்தும் 1991 திருத்தத்தோடு அடைபட்டது. இன்று காட்டுக்கோழியைக் கண்ணி வைத்துப் பிடித்தாலும் வழக்குதான். நான் சொல்வதெல்லாம் அதற்கு முந்தைய சங்கதி.

சித்தப்பாவிடம் இருந்தது பயிர்ப் பாதுகாப்புக்கென்று உரிமம் வாங்கிய நாட்டுத்துப்பாக்கி. தோட்டா போடும் ரகம் இல்லை, மருந்து கெட்டிக்கும் ரகம். குழல் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரைத் திணித்து, நீளமான இரும்புக் கம்பியால் இடித்து, ஈயக்குண்டு போட்டு, அதன் மேல் மறுபடி நார் வைத்து இன்னொரு தரம் இடித்து, கடைசியில் பின்பக்கம், அடிபட்டதும் பொரிந்து மருந்தைப் பற்றவைக்கும் கேப்பைச் செருக வேண்டும். இவ்வளவையும் இருட்டில், விறைத்துப்போன விரல்களால், பன்றிக்குக் கேட்காமல் செய்ய வேண்டும். பன்றி அதற்குள் மலைவாழைக் கிழங்கைத் தோண்டித் தின்று முடித்துவிட்டுப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விடும். தேர்தல் வந்தால் துப்பாக்கியை போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். அந்தச் செய்தி பன்றிகளுக்கு எப்படித்தான் போகுமோ, குட்டிகுளுவானோடு வந்து இறங்கும்.

ஒரு ஆனி மாதம். பலா பழுத்து விழும் காலம். பழ வாசனைக்குப் பன்றி வரும் என்று காப்பிச் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தோம். கூட எங்கள் தோட்டத்துக் காவல்காரர், மலைப் பழங்குடியான பளியர், வயதானவர். சித்தப்பா மருந்தைக் கொட்டி நாரை வைத்து இடித்துக்கொண்டிருந்தபோதே மரத்தடியில் உறுமல் கேட்டுவிட்டது. பதற்றத்தில் கேப்பைச் செருகி, துப்பாக்கிக் குதிரையை இழுத்து வைத்து, "லைட்ட அடிடா" என்றார். அடித்தேன். ஒற்றைப் பன்றி, பிடரி மயிர் சிலிர்த்துக்கொண்டு நின்றது. குழல் முனையிலிருந்து முழ நீளத்துக்கு ஏதோ நீட்டிக்கொண்டிருந்ததும் அதே வெளிச்சத்தில் தெரிந்தது. வாயைத் திறப்பதற்குள் வெடித்துவிட்டது.

கருமருந்துப் புகை எப்படி இருக்கும் என்று இன்றைய ஆட்களுக்குத் தெரியாது. வெள்ளைவெளேரென்று எழும். ஈரக் காற்றில் கலையாது, அப்படியே நம் முகத்துக்கு முன்னால் நிற்கும். சுட்டவருக்குப் பட்டதா படவில்லையா என்று எதுவும் தெரியாது. நாட்டுத்துப்பாக்கிக்காரர்களின் புகழில் பாதி இந்தப் புகையால் வந்ததுதான் என்பது என் கருத்து. நாங்கள் இருமிக்கொண்டிருந்தோம். சித்தப்பா மட்டும் இருமலுக்கு நடுவே, "சதக்குனு கேட்டுச்சு பாத்தியா? பட்டிருச்சு" என்றார். சதக் என்று எனக்கும் கேட்டது, பொய் சொல்லக் கூடாது.

விடிந்ததும் ரத்தத் தடம் தேடினோம். சித்தப்பா குனிந்து தேடினார். காவல்காரர் தரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அண்ணாந்து மரத்தைப் பார்த்தார். கைக்கெட்டும் உயரத்தில் தொங்கிய ஒரு பலாவில், துப்பாக்கி இடிக்கும் கம்பி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கம்பி வழியாகப் பால் வடிந்து நுனியில் சொட்டு கட்டியிருந்தது.

"பன்னிக்கு ஒண்ணும் ஆகல மொதலாளி" என்றார் காவல்காரர். "பழந்தான் போச்சு."

பலாப்பால் ஒட்டினால் விடாது. தேங்காய் எண்ணெய் போட்டு அந்தக் கம்பியைத் துடைக்க எனக்கு ஒரு முழு மத்தியானம் ஆனது. கம்பியும் லேசாக வளைந்துவிட்டதா, அதற்கப்புறம் ஒவ்வொரு தடவை கெட்டிக்கும்போதும் பாதியில் சிக்கிக்கொள்ளும். உருவ ஒருவர் குழலைப் பிடிக்க, ஒருவர் கம்பியை இழுக்க வேண்டும். சித்தப்பா அந்தக் கம்பியை மாற்றவே இல்லை. மாற்றினால் ஏன் என்று கேட்பார்களே.

ஈரம் பட்ட மருந்தில் வேறொரு வில்லங்கமும் உண்டு. விசையை இழுத்ததும் டிக் என்று கேப்பு மட்டும் பொரியும். நமுத்துப்போச்சு என்று நினைத்துத் துப்பாக்கியைத் தாழ்த்தும்போது, உள்ளே கனன்றுகொண்டிருந்த மருந்து தாமதமாக வெடிக்கும். சித்தப்பாவின் கூட்டாளி ஒருவருக்கு இப்படித்தான், குண்டு இரண்டு காலுக்கும் நடுவே தரையில் இறங்கியது. கால் தப்பியது. வத்தலக்குண்டு சந்தையில் முந்தின நாள் வாங்கிய செருப்பின் முன்பக்கம் தப்பவில்லை. மனுஷன் அந்தச் செருப்பைக் காட்டி, பாம்பைச் சுட்டதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். நல்லவேளை, சிரிக்கிற மாதிரி முடிந்தது.

மதுரையிலிருந்து ஒரு விருந்தாளி வந்த கதை சின்னதுதான். கடமான் சுட்டே தீர வேண்டும் என்றார். காட்டில் மோப்பம்தான் எல்லாம், காற்று நம் பக்கத்திலிருந்து அடித்தால் கடமான் அந்தத் திசைக்கே வராது. இவர் குளித்து, முகத்துக்கு மணக்க மணக்கப் பவுடர் போட்டு, தலைக்கு வாசனை எண்ணெய் தடவி, மாப்பிள்ளைக் கோலத்தில் பரணில் ஏறினார். கடமான் வரவில்லை. அட்டை வந்தது. எங்கே ஏறியது என்று எழுத முடியாத இடம். சத்தம் போடக் கூடாது என்று அவரிடம் அவ்வளவு சொல்லியிருந்ததால் பாவம், வாயை மூடிக்கொண்டே ஆடினார். பரண் தாங்கவில்லை.

சேவல் விஷயம் கொஞ்சம் வினையானது. எங்கள் பக்கத்துக் காட்டுச்சேவல் கூவுவது வீட்டுச்சேவல் மாதிரி இழுத்துக் கூவாது. வெட்டி வெட்டி, விக்கல் எடுப்பது போலக் கூவும். இரண்டையும் குழந்தைகூடப் பிரித்துச் சொல்லிவிடும். சித்தப்பாவின் இன்னொரு கூட்டாளிக்குக் காது மந்தம். சோலை ஓரத்தில் விடியற்காலையில் அவர் சுட்டது, யாரோ முருகன் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட சேவல். பொதுவாகக் கோழி திருடினால் பஞ்சாயத்து. இது சாமியின் கொடியில் இருக்கிற ஆள். என்ன தண்டனை போடுவது என்று ஊர்ப் பெரியவர்களுக்கே பிடிபடவில்லை. கடைசியில் பழனிக்கு நடந்து போய் மொட்டை போட்டுக்கொண்டு, ஒன்றுக்கு இரண்டாகச் சேவல் விடச் சொன்னார்கள். மொட்டைத் தலையோடு வந்தவரை அடுத்த தை வரைக்கும் பையன்கள் கொக்கரித்தே வரவேற்றார்கள்.

இதெல்லாம் நாட்டுப்புறத்து ஆட்கள் கதை, வெள்ளைக்காரன் ஒழுங்காக வேட்டையாடினான் என்று நினைத்தால் அதுவும் தப்பு. அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணன் ஊட்டியில் குதிரைக்காரராக இருந்தவர். அங்கே இங்கிலாந்துப் பழக்கப்படி சிவப்புக் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு, நாய்ப் பட்டாளத்தை முன்னால் விட்டு, வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் குதிரைமேல் பறப்பார்கள். அவர்கள் ஊரில் துரத்தும் நரி இங்கே இல்லாததால் நம்மூர்க் குள்ளநரியைத் துரத்துவது. அந்தப் புல்வெளி பார்க்கத்தான் பச்சைக் கம்பளம், நடுநடுவே சதுப்பு. மேலே புல், கீழே சேறு. நரிக்கு எங்கே கால் வைக்க வேண்டும் என்று தெரியும். துரைக்குத் தெரியாது. காலையில் சிவப்பாகப் போன கோட்டு மத்தியானம் என்ன நிறத்தில் திரும்பி வரும் என்பதைப் பெரியப்பா சொல்லிக் கேட்க வேண்டும். அவருக்குத் துரை விழுந்ததுகூடப் பெரிதில்லை. விழுந்த துரையைத் தூக்கிவிடும்போது சிரிக்காமல் இருப்பதுதான் வேலையிலேயே கஷ்டமான பகுதி என்பார். அதே நீலகிரியில் 1879-லேயே வேட்டை விலங்குகளுக்கும் மீனுக்கும் தனிச் சட்டம் போட வேண்டி வந்தது. சுட்டுச் சுட்டு வரையாடும் கடமானும் அருகிப்போய், சுட்டவர்களே பயந்து கேட்டு வாங்கிய சட்டம் அது. இதைச் சொன்னால் சித்தப்பா, "நம்மால ஒரு உசுருக்கும் அந்தக் கஷ்டம் வரல" என்பார். அதென்னவோ நிஜம்.

சரி, பெரிய கதைக்கு வருகிறேன்.

ராத்திரி வேட்டையில் கண்ணைப் பார்த்துத்தான் மிருகத்தைச் சொல்வார்கள். பல மிருகங்களின் விழிக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் ஒரு படலம் இருக்கிறது. மான் கண் வெளிறிய பச்சையாக மின்னும். பாதையில் படுத்திருக்கும் பக்கிக்குருவியின் கண் நெருப்புத்துண்டாகச் சிவக்கும். புல்லில் இருக்கும் சிலந்திகூட மினுங்கும். பன்றிக்கு அந்தப் படலம் கிடையாது. எங்களுக்கு வேண்டியதோ பன்றி. ஆக எங்கள் மூன்று கட்டை எவரெடி லைட்டில் வேண்டாததெல்லாம் தெரியும், வேண்டியது தெரியாது.

அன்றைக்குத் தோட்டத்து மண்பாதை வளைவில் இரண்டு கண்கள் தெரிந்தன. நல்ல சிவப்பு. அசையவில்லை, சிமிட்டவில்லை.

"சிறுத்தைடா" என்றார் சித்தப்பா, காற்றுக்குக்கூடக் கேட்காத குரலில்.

எனக்கு ஒரு சந்தேகம். இரண்டு கண்ணுக்கும் நடுவே ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கலாம் போலிருந்தது. அதைச் சொன்னேன். சித்தப்பா யோசித்தார். பிறகு, "அப்ப ரெண்டு சிறுத்தை. ஆளுக்கொரு பக்கம் திரும்பி நிக்குது. ஒவ்வொரு கண்ணுதான் நமக்குத் தெரியுது" என்றார். இந்த விளக்கம் இன்று வரைக்கும் என்னை அசத்துகிறது.

காவல்காரர் மெதுவாக, "மூச்சு விடறாப்ல தெரியலியே மொதலாளி" என்றார்.

"பதுங்குது."

சுட்டார். ணங் என்று ஒரு சத்தம். புகை. அது மெல்ல விலகியபோது இடது கண் அணைந்திருந்தது. "ஒண்ணு காலி!" என்று சித்தப்பா எழுந்தேவிட்டார். அதே நேரம் இந்தப் பக்கம், எங்களுக்குப் பத்தடி தள்ளி உண்ணிச்செடிப் புதருக்குள்ளிருந்து, "எவன்டா அவன்!" என்று ஒரு குரல். காட்டில் சிறுத்தை பேசியிருந்தால்கூட சித்தப்பா அவ்வளவு பயந்திருக்கமாட்டார். அது அவருடைய மாமனார் குரல்.

காப்பிக் கணக்குப் பார்க்கக் கீழே பட்டிவீரன்பட்டியிலிருந்து ஜீப்பில் வந்திருக்கிறார். வழியில் வயிறு சரியில்லை. வண்டியை ஓரம் கட்டி, விளக்கை அணைத்துவிட்டுப் புதர்ப் பக்கம் ஒதுங்கியிருக்கிறார். நாங்கள் பார்த்தது ஜீப்பின் பின்விளக்குச் சிவப்புக் கண்ணாடிகள். ஒரு கையில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு அவர் வெளிச்சத்துக்கு வந்து நின்றார். சித்தப்பா புகைந்துகொண்டிருந்த துப்பாக்கியைச் சட்டென்று காவல்காரர் கையில் திணித்தார். பிறகு கைகூப்பி, வீட்டுத் திண்ணையில் நின்று வரவேற்கிற அதே குரலில், "வாங்க மாமா, சாப்டீங்களா?" என்றார்.

மாமனார் ஜீப்பைப் பார்த்தார். காவல்காரர் கையிலிருந்த துப்பாக்கியைப் பார்த்தார். "இன்னும் இல்ல மாப்ள" என்றார்.

வீட்டில் சித்தி இலை போட்டாள். என்ன வெடிச்சத்தம் என்று கேட்டாள். இரண்டு பேரும் ரசத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் நன்றாகச் சாப்பிட்டேன். மறுநாள் காப்பிப் பழம் பறிக்க வந்த பெண்கள் என்னிடம், "ரெண்டாவது சிறுத்தை எங்க தம்பி போச்சு?" என்று கேட்டபோதுதான், காவல்காரர் அவ்வளவு பேசக்கூடியவர் என்பதே தெரிந்தது.

பல வருஷம் கழித்து, துப்பாக்கி, உரிமம் எல்லாம் போன பிறகு, ஒரு கல்யாண வீட்டில் சித்தப்பா இளவட்டங்களைச் சுற்றி உட்காரவைத்து, மண்பாதை வளைவில் சிறுத்தையை நேருக்கு நேர் நின்று சுட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கண் சிவந்தது வந்தது, குண்டு பாய்ந்தது வந்தது, உறுமல்கூட வந்தது. சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கிடந்த மாமனார், கண்ணைத் திறக்காமலே கேட்டார்:

"அதுக்கு நம்பர் பிளேட்டு இருந்துச்சா மாப்ள?"

பந்திக்கு நேரமாச்சு என்று சித்தப்பா எழுந்துவிட்டார்.