கழற்றிய பேட் எங்கே?

கார் ரிப்பேர் பற்றி வாசகர்கள் ஊர் பெயரோடு அனுப்பிய கேள்விகளும் பதில்களும்.

கும்பகோணம்: முதல் கார், பழையதாக வாங்கியது. முன் பிரேக் பேட் மாற்றியதாக 3,200 ரூபாய் வாங்கினார்கள். மூன்றே வாரத்தில் மறுபடி கீச் சத்தம். ஏமாந்துவிட்டேனா?

சக்கரத்தைக் கழற்றச் சொல்லிக் குனிந்து பாருங்கள். புதுப் பேடில் உராயும் பகுதி சுமார் 10 மில்லிமீட்டர் இருக்கும். 3 மில்லிமீட்டர்தான் என்றால் மாற்றவே இல்லை. உள்பக்கப் பேட் மட்டும் தேய்ந்திருந்தால் காலிபர் பின் (பேடை அழுத்தும் பிடி நகர்வதற்கான கம்பி) இறுகியிருக்கலாம். அதைச் சுத்தம் செய்து கிரீஸ் வைக்காமல் பேடை மட்டும் சொருகியிருப்பார்கள். டிஸ்க், அதாவது பேட் கவ்விப் பிடிக்கும் வட்டத் தகடு, ஆறியபின் விரலால் தடவுங்கள். வரிவரியாகப் பள்ளம் இருந்தால் புதுப் பேடும் கத்தத்தான் செய்யும்.

அதெல்லாம் சரி, கழற்றிய பேட் எங்கே? காசு கொடுக்கும் முன் பழைய சாமானைக் கையில் வாங்குங்கள்.

திருவாரூர்: வருடம் இரண்டு முறை ஏசி கேஸ் நிரப்புகிறார்கள். சரிதானா?

தீர்ந்துபோக அது பெட்ரோல் இல்லை. எங்கோ கசிகிறது. கசிவை அடைத்த பிறகு நிரப்பச் சொல்லுங்கள்.

மன்னார்குடி: இஞ்சின் சூடேறியது. மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, போர் தண்ணீர் ஊற்றி அனுப்பினார்.

இரண்டுமே தப்பு. தெர்மோஸ்டாட் என்பது சூட்டுக்கு ஏற்ப ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு. அது இல்லாவிட்டால் இஞ்சின் உரிய சூட்டுக்கு வர நேரமாகும், டீசல் கூடுதலாகக் குடிக்கும். சூடேறிய காரணம் அப்படியே உள்ளே இருக்கும். போர் தண்ணீரின் உப்பு ரேடியேட்டர் குழாய்களில் படிந்து அடைக்கும். கூலண்டும் (இஞ்சினைக் குளிர்விக்கும், துருவையும் தடுக்கும் திரவம்) டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி ஊற்றுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள்.

நன்னிலம்: எங்கள் அப்பா அம்பாசிடருக்கு இருபது வருடம் வாய்க்கால் தண்ணீர்தான் ஊற்றினார். கூலண்ட் எல்லாம் கம்பெனிக்காரன் வியாபாரம்.

அம்பாசிடர் இஞ்சின் வார்ப்பிரும்பு, தாங்கியது. இப்போது இஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டும் ரேடியேட்டரும் அலுமினியம். வெறும் தண்ணீர் அரித்துவிடும்.

பாபநாசம்: போர் தண்ணீர் உப்பு, சரி. ஆற்றுத் தண்ணீர் உப்பில்லையே?

ஐயா, ஜூன் 12 அன்று மேட்டூரைத் திறப்பது குறுவைக்கு. ரேடியேட்டருக்கு அல்ல. கூலண்டில் உள்ள துருவைத் தடுக்கும் மருந்து காவிரியில் வராது.

நன்னிலம்: அப்பா கார் இன்னும் ஓடுகிறது.

ஓடட்டும். அடுத்தவர்.

மயிலாடுதுறை: எனக்கும் பிரேக் சத்தம்...

கும்பகோணத்துக்குச் சொன்னதைப் படியுங்கள். பழைய சாமான், பழைய சாமான்!

நாகப்பட்டினம்: கிளட்ச் வேலைக்கு 14,000 ரூபாய் போனது. பத்து நாளில் மறுபடி வழுக்குகிறது. பில் தரவில்லை. வழக்குப் போடலாமா?

போடலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ரிப்பேரும் ஒரு சேவை. குறைபாடு இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பில் இல்லாவிட்டால் ஜிபே பதிவு, வாட்ஸ்அப்பில் பேசியது எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். முதலில் பட்டறைக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் சொல்லலாம். வேறு இடத்தில் பிரிப்பதற்கு முன், கிளட்ச் இருக்கும் நிலையை இன்னொரு மெக்கானிக்கிடம் எழுதி வாங்குங்கள். பிரித்துவிட்டால் யார் கெடுத்தது என்று காட்ட முடியாது.

திருத்துறைப்பூண்டி: மெக்கானிக் என் மாமா பையன். பழைய சாமானைக் காட்டு என்று எப்படிக் கேட்பது?

இதற்குச் சட்டம் உதவாது. அத்தையிடம் சொல்லிப் பாருங்கள்.