ஹேக் நோக்கிப் படிப்பவர்களுக்கு: சர்வதேச குற்றவியல் சட்டம், கேள்வி பதில்

மதுரை, சட்டக் கல்லூரி மூன்றாம் ஆண்டு மாணவி: சார், எங்கள் பாடத்திட்டத்தில் இந்தச் சட்டம் ஒரே ஒரு யூனிட். அதிலும் பாதி நியூரம்பர்க் வரலாறு. சொந்தமாகப் படிக்க எங்கிருந்து தொடங்குவது?

ரோம் சாசனத்திலிருந்து. ஹேக்கில் இருக்கும் சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தை (ஐசிசி) உருவாக்கிய ஒப்பந்தம் அது. 1998இல் ஏற்கப்பட்டு 2002 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது, மொத்தம் 128 பிரிவுகள். வரிசையாகப் படிக்காதீர்கள், அலுத்துவிடும். முதலில் 5 முதல் 8 வரை: இனப்படுகொலை, மானுடத்துக்கு எதிரான குற்றங்கள், போர்க்குற்றங்கள், ஆக்கிரமிப்பு. அடுத்து 25, 28, 30: குற்றத்தில் யாருக்கு எந்த வகையில் பங்கு, தளபதி எப்போது சிக்குவார், மனநிலையை எப்படி நிறுவுவது. பிறகு 12, 13, 17: நீதிமன்றத்தின் அதிகாரம் எதுவரை செல்லும். ‘குற்றக் கூறுகள்’ என்று தனி ஆவணம் ஒன்று உண்டு, ஒவ்வொரு குற்றத்திலும் எவற்றையெல்லாம் நிரூபிக்க வேண்டும் என்ற பட்டியல். அதைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். சாசனத்தை மட்டும் படித்தவர்கள் மூட் கோர்ட்டில் (மாணவர்களின் மாதிரி வழக்காடலில்) தடுமாறுவது அங்கேதான்.

அடுத்தது தீர்ப்புகள். 1994 ருவாண்டா இனப்படுகொலையை விசாரிக்க ஐ.நா. அமைத்த தீர்ப்பாயத்தின் அகாயேசு தீர்ப்பு (1998 செப்டம்பர் 2) கட்டாயம் படிக்க வேண்டியது. அகாயேசு அங்கே ஒரு ஊரின் மேயராக இருந்தவர். இனப்படுகொலைக் குற்றத்துக்கு ஒரு சர்வதேச நீதிமன்றம் தண்டித்த முதல் வழக்கு அது. பாலியல் வன்முறையும் இனப்படுகொலைச் செயலாகலாம் என்று சொன்ன தீர்ப்பும் அதுவே. விசாரித்த மூவரில் ஒருவர் டர்பனில் பிறந்த தமிழ் வம்சாவளியினரான நவநீதம் பிள்ளை. பின்னாளில் ஐ.நா. மனித உரிமை ஆணையராக இருந்தவர்.

பிறகு காங்கோ ஆயுதக் குழுத் தலைவர் லுபாங்கா மீதான தீர்ப்பு (2012 மார்ச் 14), ஐசிசியின் முதல் தீர்ப்பு. 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளைப் படையில் சேர்த்ததும் சண்டையில் இறக்கியதும் குற்றச்சாட்டு. இதை வைத்து ஒரு பயிற்சி செய்யுங்கள். ஒரு தாளில் பக்கம் பக்கமாக மூன்று நெடுவரிசை போட்டு, முதலாவதில் குற்றத்தின் கூறு, இரண்டாவதில் அதற்கான சான்று, மூன்றாவதில் எதிர்த்தரப்பு அதை எப்படி உடைத்தது என்று எழுதுங்கள். ‘வயது 15க்குக் கீழ்’ என்ற கூறுக்கு வந்ததும் வழக்கு எங்கே ஆட்டம் கண்டது என்பது தெரிந்துவிடும். வழக்குத்தொடுநர் தரப்பு உள்ளூர் இடைத்தரகர்கள் மூலம் சாட்சிகளைத் தேடியது. முன்னாள் குழந்தைப் படையினர் என்று கூண்டில் ஏறியவர்களில் பலரின் சாட்சியத்தை நம்ப முடியாது என்று நீதிபதிகள் ஒதுக்கிவிட்டார்கள். வழக்கு தப்பியது மற்ற சாட்சிகளாலும் காணொளிகளாலும்தான். முகத்தைப் பார்த்தாலே 15க்குக் கீழ் என்று தெரிந்த பிள்ளைகள் அவற்றில் இருந்தார்கள். தண்டனை 14 ஆண்டு.

இன்னொன்று. உங்கள் கல்லூரியின் குற்றவியல் சட்டப் பாடத்தையும் சாட்சியச் சட்டப் பாடத்தையும் அலட்சியம் செய்யாதீர்கள். குறுக்கு விசாரணை தெரியாமல் சர்வதேச நீதி பேசுபவர்கள் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறார்கள்.

கோவை: ஐசிசி, ஐசிஜே இரண்டும் ஹேக்கில்தானே? செய்தித்தாளில் மாற்றி மாற்றிப் போடுகிறார்களே?

ஐசிஜே, அதாவது சர்வதேச நீதிமன்றம், ஐ.நா.வின் உறுப்பு. 15 நீதிபதிகள். நாடு நாட்டின் மேல் தொடுக்கும் வழக்கு அங்கே. காம்பியா 2019இல் மியான்மர் மீது தொடுத்தது அந்த வகை. ஐசிசி தனி அமைப்பு. 18 நீதிபதிகள், ஆள்களைக் கூண்டில் நிறுத்துவது. நாட்டைச் சிறையில் அடைக்க முடியாது என்பதை நினைவில் வைத்தால் குழப்பம் வராது.

யாழ்ப்பாணம்: ஐயா, இலங்கை ரோம் சாசனத்தில் சேரவில்லை. எங்கட வழக்கை ஹேக்குக்குக் கொண்டுபோக ஒரு வழியும் இல்லையோ?

வழி மூன்று உண்டு. மூன்றிலும் முட்டுக்கட்டை உண்டு.

ஒன்று, இலங்கையே 12(3) பிரிவின்படி நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்று அறிவிப்பது. அப்படி ஏற்றால் 2002 ஜூலை 1 வரை பின்னோக்கிப் போகலாம். எந்த அரசு செய்யும் என்பதை நீங்களே சொல்லுங்கள். இரண்டு, பாதுகாப்புச் சபை பரிந்துரைப்பது. இதுவரை நடந்தது இரண்டு முறை: 2005இல் தார்பூர், 2011இல் லிபியா. வீட்டோ உள்ள ஐந்து நாடுகளில் ஒன்று கை உயர்த்தி மறுத்தால் போதும், கதை முடிந்தது.

மூன்றாவதைப் பற்றித்தான் அதிகம் பேச்சு. ரோஹிங்கியா மக்கள் துரத்தப்பட்டது உறுப்பு நாடல்லாத மியான்மரிலிருந்து, வந்து சேர்ந்தது உறுப்பு நாடான வங்கதேசத்தில். நாடு கடத்தல் என்ற குற்றத்தின் ஒரு பகுதி வங்கதேச மண்ணில் நிறைவேறியது, அது போதும் என்று 2018 செப்டம்பரில் நீதிபதிகள் சொன்னார்கள். 2019 நவம்பரில் விசாரணைக்கு அனுமதியும் கிடைத்தது. இதை இலங்கைக்குப் பொருத்தினால் தமிழ்நாட்டுக்கு வந்தவர்களைக் கணக்கில் சேர்க்க முடியாது, இந்தியா உறுப்பு நாடல்ல. பிரித்தானியா, கனடா, சுவிட்சர்லாந்து போனவர்களை வைத்து வாதிடலாம். ஆனால் மியான்மரில் எல்லையைத் தாண்டினால் வங்கதேசம். இங்கே பல நாடுகள் கடந்து பல ஆண்டுகளில் போன பயணம், ‘கட்டாயத்தால் வெளியேற்றம்’ என்ற கூறை ஒவ்வொருவருக்கும் நிறுவ வேண்டிவரும். வாதம் வென்றாலும் கிடைப்பது நாடு கடத்தலும் அதையொட்டிய துன்புறுத்தலும்தான். முள்ளிவாய்க்காலில் நடந்த கொலைகள் இலங்கை மண்ணிலேயே தொடங்கி அங்கேயே முடிந்தவை. இந்த வழியில் அவை நேரடியாக வராது. இதைச் சொல்லாமல் நம்பிக்கை ஊட்டுபவர்களிடம் கவனமாக இருங்கள்.

என் கணிப்பில் நடைமுறைக்கு நெருக்கமானது வேறு: சந்தேக நபர் கால் வைக்கும் ஒரு நாட்டில், உலகளாவிய நியாயாதிக்கத்தின் கீழ் வழக்கு. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் விசாரிக்கலாம் என்ற அதிகாரம் அது. 2021 மார்ச்சில் மனித உரிமைப் பேரவையின் 46/1 தீர்மானம் இலங்கை பற்றிய சான்றுகளைத் திரட்டிப் பாதுகாக்க ஐ.நா. மனித உரிமை அலுவலகத்துக்கு அதிகாரம் கொடுத்தது. அந்தச் சான்றுகள் பயன்படப் போவதும் பெரும்பாலும் இப்படிப்பட்ட வழக்குகளில்தான்.

மட்டக்களப்பு, சமூகச் செயற்பாட்டாளர்: எங்களிடம் பழைய காணொளிகள், படங்கள் இருக்கின்றன. நீதிமன்றத்தில் செல்லுபடியாகுமா?

ஆகும், கெடுக்காமல் வைத்திருந்தால். லிபியப் படைத் தளபதி அல்வெர்பாலி மீது 2017 ஆகஸ்டில் பிறந்த பிடியாணைக்குச் சமூக ஊடகத்தில் வந்த கொலைக் காணொளிகள் முக்கிய ஆதாரம்.

மூலக் கோப்பைத் தொடாதீர்கள். பெயர் மாற்றுவது, வெட்டுவது, தலைப்பு ஒட்டுவது எதுவும் வேண்டாம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கோப்பு சுருங்கும், எடுத்த நேரம், கருவி போன்ற உள்தகவல் போய்விடும். எனவே கருவியிலிருந்து நேரடியாக வன்தட்டுக்கு நகலெடுங்கள். உடனே எஸ்எச்ஏ-256 ஹாஷ் எண் (கோப்பின் கைரேகை மாதிரி, மென்பொருள் கணக்கிட்டுத் தரும்) எடுத்துக் குறித்துவையுங்கள். கோப்பில் ஒரு பிட் மாறினாலும் அந்த எண் மாறிவிடும், மாறவில்லை என்பதே உங்கள் நிரூபணம். யார் எடுத்தது, யாரிடமிருந்து யாருக்கு எந்தத் தேதியில் கைமாறியது என்று ஒரு பதிவேடு வேண்டும். இரண்டு நகல், இரண்டு வெவ்வேறு இடம். பார்ப்பதும் ஆராய்வதும் நகலில் மட்டும். 2020இல் வந்த பெர்க்லி நெறிமுறை இதற்கெல்லாம் வழிகாட்டி, இணையத்தில் இலவசம்.

சாட்சிகள் விஷயத்தில் நல்லெண்ணமே கெடுதல் செய்யும். நாலு அமைப்பு நாலு தடவை விரிவாக வாக்குமூலம் வாங்கினால் நாலிலும் சின்னச் சின்ன வேறுபாடு வரும். அது மனித ஞாபகத்தின் இயல்பு. எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அதுவே விருந்து. ஐசிசி வழக்குத்தொடுநர் அலுவலகமும் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதித்துறை ஒத்துழைப்பு அமைப்பான யூரோஜஸ்டும் 2022இல் வெளியிட்ட வழிகாட்டி இதை அழுத்தமாகச் சொல்கிறது. யார், எங்கே, எதைப் பார்த்தார், எப்படித் தொடர்புகொள்வது என்பதோடு நிறுத்துங்கள். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களையும் குழந்தைகளையும் பயிற்சி பெற்றவர்களிடம் விடுங்கள்.

சென்னை, வழக்கறிஞர்: கொலை நடந்ததற்குச் சான்று மலைபோல் இருந்தும் பெரிய ஆள்கள் தப்பிவிடுகிறார்களே, ஏன்?

குற்றம் நடந்தது என்பதற்கான சான்று வேறு, மேலே இருந்தவரை அதோடு இணைக்கும் சான்று வேறு. முதலாவது குவியும், இரண்டாவது கிடைக்காது. கட்டளைச் சங்கிலி, வானொலிப் பதிவு, கொடுப்பனவு ஏடு, உள்ளிருந்து பேசும் ஆள் என்று அது தனி வேட்டை.

காங்கோ அரசியல்வாதியும் ஆயுதக் குழுத் தலைவருமான பெம்பாவின் வழக்கைப் பாருங்கள். அவருடைய படையினர் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் கொலை, வன்புணர்வு, கொள்ளை செய்தார்கள், அவர் இருந்தது காங்கோவில். 28ஆம் பிரிவின்படி தளபதிப் பொறுப்பு என்று 2016இல் 18 ஆண்டு தண்டனை. 2018 ஜூன் 8 அன்று மேல்முறையீட்டில் 3க்கு 2 என்ற பெரும்பான்மையில் விடுதலை. காரணம் இரண்டு. தீர்ப்பில் இருந்த பல குற்றச் செயல்கள் முறையான குற்றச்சாட்டின் எல்லைக்கு வெளியே இருந்தன. அடுத்து, ‘தேவையான, நியாயமான எல்லா நடவடிக்கையும் எடுத்தாரா’ என்பதை வேறு நாட்டில் நிற்கும் படையைத் தூரத்திலிருந்து நடத்துபவரின் நிலைமையில் வைத்து விசாரணை நீதிபதிகள் சரியாக எடைபோடவில்லை. இந்த இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் உடன்பாடில்லை, தொலைவையே கேடயமாக்கிவிடும் ஆபத்து அதில் இருக்கிறது. ஆனால் முதல் காரணம் வழக்குத்தொடுநர் தரப்பு தானாகத் தேடிக்கொண்டது. சம்பவம், தேதி, இடம் மூன்றையும் குற்றச்சாட்டு உறுதிசெய்யும் கட்டத்திலேயே இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும்.

கோலாலம்பூர்: புட்டினுக்குப் பிடியாணை, நெதன்யாகுவுக்குப் பிடியாணை. ஒருவரையும் பிடிக்கவில்லை. அமெரிக்கா தடை போடுகிறது. இந்த நீதிமன்றத்துக்கு எதிர்காலம் இருக்கிறதா அண்ணா?

நீதிமன்றத்துக்குக் காவல்படை கிடையாது. உறுப்பு நாடு பிடித்துக் கொடுத்தால் உண்டு. 2024 செப்டம்பரில் புட்டின் உறுப்பு நாடான மங்கோலியாவுக்கே போய் வந்தார். 2025இல் அமெரிக்கத் தடை வழக்குத்தொடுநர் மீது வந்தது, பிறகு நீதிபதிகள் மீதும். தடைப்பட்டியலில் பெயர் ஏறினால் வங்கிக் கணக்கு, அட்டை, மென்பொருள் சேவை வரை சிக்கல். உங்கள் மலேசியாவையே எடுங்கள்: 2019 மார்ச்சில் சேர்ந்து, ஏப்ரலில் விலகிவிட்டது.

அதே சமயம் பிலிப்பைன்ஸைப் பாருங்கள். 2019 மார்ச் 17 அன்று விலகல் நடைமுறைக்கு வந்தது. ஆனாலும் அதற்கு முன் போதைப்பொருள் ஒழிப்பு என்ற பெயரில் நடந்த கொலைகளுக்காக முன்னாள் அதிபர் டுடெர்டே 2025 மார்ச் 11 அன்று மணிலாவில் கைதாகி ஹேக் போய்ச் சேர்ந்தார். அரசியல் காற்று திசை மாறினால் பழைய வழக்குக்கு உயிர் வரும். இந்தக் குற்றங்களுக்குக் காலவரம்பு கிடையாது என்பதன் பலன் அதுதான்.

ஆனால் எதிர்காலத்தை ஹேக்கில் மட்டும் தேடாதீர்கள். ஜெர்மனியின் கோப்ளென்ஸ் நீதிமன்றம் 2022 ஜனவரியில் சிரிய உளவுத்துறையின் முன்னாள் அதிகாரி ஒருவருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. அகதியாக வந்த இடத்தில் சிக்கினார், அகதிகளே சாட்சி சொன்னார்கள். உக்ரைன் மீதான ஆக்கிரமிப்புக்கெனச் சிறப்புத் தீர்ப்பாயம் அமைக்க ஐரோப்பிய மன்றத்தோடு 2025 ஜூனில் ஒப்பந்தமானது. மானுடத்துக்கு எதிரான குற்றங்களுக்குத் தனி உடன்படிக்கை எழுத 2028, 2029இல் மாநாடு கூட்ட ஐ.நா. பொதுச்சபை முடிவெடுத்திருக்கிறது. இனப்படுகொலைக்கு 1948லேயே உடன்படிக்கை வந்துவிட்டது, இதற்கு இன்னும் இல்லை.

திருச்சி: எல்எல்பி முடிக்கப் போகிறேன். கடன் வாங்கி நெதர்லாந்தில் எல்எல்எம் போகலாமா? இந்தியருக்கு அங்கே வேலை கிடைக்குமா?

உடனே வேண்டாம். ஐசிசியில் மொத்தப் பணியாளரே 900 சொச்சம், பணி நியமனத்தில் உறுப்பு நாட்டவருக்கு முன்னுரிமை. இன்டர்ன்ஷிப் மூன்று முதல் ஆறு மாதம், பெரும்பாலும் சம்பளமில்லை, வளரும் நாட்டவர் சிலருக்கு மட்டும் உதவித்தொகை. நீதிமன்றத்தின் வழக்கறிஞர் பட்டியலில் ஏறக் குறைந்தது 10 ஆண்டு அனுபவம், உதவி வழக்கறிஞருக்கு 5 ஆண்டு. ஆகவே முதலில் இரண்டு மூன்று வருடம் செஷன்ஸ் நீதிமன்றத்தில் நில்லுங்கள். கூடவே பிரெஞ்சு படியுங்கள். அங்கே பணிமொழி இரண்டு, ஆங்கிலம் மட்டும் உள்ளவரின் விண்ணப்பம் எளிதில் பின்தங்கும்.

பிறகு லைடன், ஜெனீவா என்று விண்ணப்பிக்கும்போது உதவித்தொகை கடைசி நாளை முதலில் பாருங்கள், பல இடங்களில் சேர்க்கையின் கடைசி நாளுக்கு முன்பே அது முடிந்துவிடும். ஹேக்கையே குறிவைக்காமல் சிரியா, மியான்மருக்கான ஐ.நா. விசாரணைப் பொறிமுறைகளின் அறிவிப்புகளையும் ஐ.நா. வேலைவாய்ப்புத் தளத்தில் தேடுங்கள். சட்டம் படித்து தரவு ஆய்வும் தெரிந்தவருக்கு அங்கே இடம் உண்டு. விண்ணப்பத்தோடு எழுத்து மாதிரி கேட்டால் நீளமான ஆய்வேட்டைத் திணிக்காமல் ஒரே ஒரு கூறை எடுத்து, இரண்டு தீர்ப்புகளை ஒப்பிட்டு எழுதிய ஏழெட்டுப் பக்கம் அனுப்புங்கள்.